"நீங்க போயிட்டு வாங்க": நடக்கச் சிரமப்படும் ஒன்பது முதியவர்களுடன் இரண்டு நாள் நகரச் சுற்றுலா, ஒரு நிகழ்வு ஆய்வு

"நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

வயதானவர்களோடு ஊர் சுற்றப் போன எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மற்றவர்களும் "சரி, பத்து நிமிஷத்துல வந்துடுறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாகும். திரும்பி வந்ததும் எடுத்த படங்களைக் கைபேசியில் காட்டுவார்கள். அவரும் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டுவார்.

இந்த வாக்கியம் ஒரு முறைகூட வரக்கூடாது என்ற ஒரே இலக்கை வைத்து நாங்கள் திட்டமிட்ட பயணத்தின் பதிவு இது. இரண்டு நாளில் அது இரண்டு முறை வந்தது. எங்கே, ஏன் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குழு

முதியவர்கள் ஒன்பது பேர், வயது 67 முதல் 86 வரை. துணைக்கு நான், பிசியோதெரபி படித்த ஒரு பெண், தூக்கிப் பிடிக்கத் தெம்புள்ள ஓர் இளைஞர். இவர்கள் தவிர வேன் ஓட்டுநர். ஒன்பது பேரையும் "நடக்க முடியாதவர்கள்" என்று ஒரே கூடையில் போட்டுவிட்டதுதான் நான் செய்த முதல் தவறு. ஒவ்வொருவருக்கும் நடை எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்பது வேறு வேறு.

எல்லோரையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. திட்டத்தையே மாற்றியவர்களை மட்டும் சொல்கிறேன். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் உள்ள தையல் டீச்சர், வயது 78. காலில் ரத்தக்குழாய் சுருங்கிய ஓய்வு பெற்ற தபால்காரர். முதுகுத்தண்டில் நரம்பு போகும் வழி குறுகிப்போன, வங்கியில் வேலை பார்த்த அம்மா. பார்க்கின்சன் நோயுள்ள கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் இடப்பக்கம் பலவீனமான ஓர் ஐயா. இதயம் பலவீனமாகி நீர் மாத்திரை சாப்பிடும் 83 வயது பெரியம்மா. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வெளியே வந்தால் சக்கர நாற்காலிதான் என்றாகிவிட்ட, எங்கள் குழுவிலேயே மூத்தவரான நர்ஸம்மா, வயது 86.

முதல் திட்டமும் தீயணைப்புக் கருவியும்

முதலில் நான் போட்ட திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஒரு நாளில் ஏழு இடங்கள். வரைபடத்தில் அளந்தால் மொத்த நடை 1,800 மீட்டர், அதுவும் ஏழு துண்டுகளாக. இது யாருக்கும் முடியும் என்று நினைத்தேன். மூன்று வாரம் முன்னால் டீச்சரை மட்டும் அழைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன்.

இரண்டாவது இடத்திலேயே திட்டம் கவிழ்ந்தது. அது ஒரு அருங்காட்சியகம். சீட்டு வாங்கும் வரிசையில் 14 நிமிடம் நின்றோம். உள்ளே போனதும் டீச்சர் வழக்கத்தைவிட ஆர்வமாகத் தெரிந்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று படித்தார். நடைக்கூடத்தில் தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்று ஒரு பலகை மாட்டியிருந்தது. அதன் முன்னாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார்.

"என்ன டீச்சர் படிக்கிறீங்க?"

"சும்மா பார்த்துட்டிருக்கேம்மா."

அப்போதுதான் கவனித்தேன், அவருடைய படிக்கிற கண்ணாடி என் பையில் இருந்தது. அவர் எதையும் படிக்கவில்லை. வலிக்கிறது, உட்கார வேண்டும் என்று சொல்ல மனமில்லாமல், நிற்பதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று காலை என் நோட்டில் குறித்த கணக்கு இது: நடந்தது 620 மீட்டர், அதற்குப் பிடித்த நேரம் சுமார் 17 நிமிடம். நின்ற நேரம் 47 நிமிடம். தூரத்தை மீட்டர் மீட்டராகக் குறைத்துக்கொண்டிருந்த நான், நிற்கும் நேரத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

உடம்புக்கு நடப்பதும் நிற்பதும் ஒன்றல்ல. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது. ரத்தம் காலில் தேங்கும், பாதம் கனக்கும். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றவும் கூடும். அருங்காட்சியகத்தில் இரண்டடி வைப்போம், நிற்போம், குனிந்து பார்ப்போம், மறுபடி இரண்டடி வைப்போம். அந்தச் சதைக்கு இதைவிட மோசமான நடை கிடையாது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இந்தக் களைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் வளைந்தும் குனிந்தும் எக்கியும் நிற்க வேண்டியிருக்கிறது என்று படமெடுத்தே காட்டினார். நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கே இந்தப் பாடு.

அன்றிலிருந்து எங்கள் திட்டத்தில் தூரம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. முதல் அளவு, நிற்கும் நிமிடம்.

கேள்வியை மாற்றினோம்

"எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்டால் உண்மையான பதில் வராது. "அதெல்லாம் நடப்பேன்" என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. தன்னால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற எண்ணம், அப்புறம் எங்கே தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். ஆகவே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் வேறு மாதிரி கேட்டோம். கடைசியாக வெளியே போனபோது முதலில் எங்கே உட்கார்ந்தீர்கள்? கையை ஊன்றாமல் இந்த நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா? கைப்பிடிக் கம்பி எந்தக் கையில் வர வேண்டும்? நிற்பது கஷ்டமானால் என்ன செய்தால் சரியாகிறது?

கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்லிக்கொடுத்தது. தபால்காரரும் வங்கி அம்மாவும் ஏறக்குறைய 150 மீட்டரில் நின்றுவிடுவார்கள். காகிதத்தில் இரண்டு பேரும் ஒன்று. ஆனால் தபால்காரருக்குக் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். இரண்டு மூன்று நிமிடம் சும்மா நின்றால் போதும், வலி போய்விடும், மறுபடி நடப்பார். காலுக்குப் போகும் ரத்தம் பற்றாமல் வருகிற வலி அது. நடக்கும்போதுதான் சதைக்குக் கூடுதல் ரத்தம் தேவை. ஜெர்மன் மொழியில் இதற்கு 'கடைக் கண்ணாடி நோய்' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. வலி வந்ததும் கடையின் கண்ணாடியைப் பார்ப்பதுபோல நின்றுவிடுவதால் வந்த பெயர். டீச்சரின் தீயணைப்புப் பலகை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

வங்கி அம்மாவுக்கோ நிற்பதே எதிரி. ஐந்து நிமிடம் நிமிர்ந்து நின்றால் இரண்டு காலும் மரத்துப்போகும். உட்கார்ந்தாலோ, முன்னால் சற்றுக் குனிந்தாலோ நரம்புக்கு இடம் கிடைத்துச் சரியாகிவிடும். அதனால்தான் கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடப்பவர், வெறுங்கையோடு வாசல்வரை போனால் சோர்ந்துவிடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் இதை நடிப்பு என்று நினைத்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. ஒருவருக்கு இளைப்பாற நேரம் வேண்டும், மற்றவருக்கு இருக்கை வேண்டும். "நடுவில் இரண்டு முறை ஓய்வு" என்று திட்டத்தில் எழுதிவைத்தால் முதலாமவருக்குப் போதும், இரண்டாமவருக்கு அதனால் பயனே இல்லை.

அந்த அம்மாவுக்கு இருக்கையோடு கூடிய நான்கு சக்கர வாக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். போலியோவால் நடை பாதிக்கப்பட்ட ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி ஐனா விஃபால்க் 1978-ல் உருவாக்கியது அது. தேவையை அனுபவித்த ஒருவர் செய்த பொருள் என்பது பிடித்த உடனே தெரிகிறது. கைப்பிடியில் சாய்ந்தால் முதுகு தானாகவே சற்று வளைகிறது. இரண்டு எச்சரிக்கை உண்டு. உட்காருவதற்கு முன் பிரேக்கைப் பூட்ட வேண்டும். ஆளை அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது, அது சக்கர நாற்காலி அல்ல.

இருக்கை வரைபடம்

நகரத்துக்கு நானும் பிசியோதெரபிப் பெண்ணும் மறுபடி போனோம். இந்த முறை காட்சிகளைப் பார்க்கவில்லை, இருக்கைகளைப் பார்த்தோம். கையில் அளவுநாடா. தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம், முதுகுச் சாய்வு, இரண்டு பக்கமும் கைப்பிடி: இது முதல் தரம். கைப்பிடி இல்லாத கல்பெஞ்சு இரண்டாம் தரம். அருங்காட்சியக வரவேற்பறையில் இருந்த மெத்தென்ற சோபாவை இளைஞர் பார்த்தால் முதல் தரம் என்பார். நாங்கள் அதற்கு மதிப்பெண்ணே போடவில்லை. 38 சென்டிமீட்டர்தான் உயரம், உட்கார்ந்தால் அமுங்கி இன்னும் கீழே போகும். டீச்சர் அதில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கித்தான் எழுப்ப வேண்டும். நாலு பேர் முன்னால் தூக்கி எழுப்பப்படுவதை யார் விரும்புவார்?

இரண்டு விதி வைத்துக்கொண்டோம். ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடையே 60 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எங்கேயும் தொடர்ந்து நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இருக்கை இல்லாத இடத்துக்கு நாங்களே மடக்கு நாற்காலி கொண்டுபோவது. இந்த இரண்டு விதியால் மட்டும் ஏழு இடங்களில் மூன்று கழிந்தன. பழைய கோட்டைவாசலும் அதில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சாலை கடக்கும் இடங்களையும் அளந்தோம். பல நாடுகளில் பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில் சிக்னல் நேரம் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 10 நொடி. எங்கள் குழுவின் நடை நொடிக்கு 0.7 மீட்டர், அதாவது 17 நொடி. மீதி ஏழு நொடியும் சாலை நடுவில்தான். ஆகவே நடுத்திட்டு இல்லாத எந்தப் பெரிய சாலையையும் கடக்காதபடி வேன் எந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்று ஓட்டுநரோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டோம். இறக்கிவிடும் இடமும் வண்டி நிறுத்தும் இடமும் ஒன்றல்ல என்பதையும் அப்போதுதான் கற்றோம். "வாசலிலேயே வாகன நிறுத்தம்" என்று சொன்ன ஓர் இடத்தில், நிறுத்தத்திலிருந்து வாசல் 240 மீட்டர்.

பார்வையற்றவர்களுக்காக நடைபாதையில் பதிக்கும் புடைப்புக் கற்கள் வாக்கரின் சின்னச் சக்கரங்களை அதிரவைக்கின்றன. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-ல் கண்டுபிடித்து, 1967-ல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்த கற்கள் அவை. ஒருவருக்கு வழிகாட்டுவது இன்னொருவருக்கு இடறலாக இருக்கிறது என்பதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. வாக்கர் அதன் ஓரமாகப் போக இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

தொலைபேசியில் என்ன கேட்பது

"சக்கர நாற்காலி வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "இருக்கு" என்பார்கள். ஒரு இடத்தில் அந்த வசதி என்பது மூன்று படி ஏறியபிறகு வரும் லிஃப்ட். ஆகவே கேள்வியை இப்படி மாற்றினோம்: "கடைசியா சக்கர நாற்காலியில வந்தவங்க எந்த வழியா உள்ளே வந்தாங்க?" இதற்கு ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எடுத்தவர் யோசிப்பார், இல்லையென்றால் வேறு ஒருவரைக் கூப்பிடுவார். அப்போதுதான் பின்வாசல், சரக்கு லிஃப்ட், சாவி வைத்திருக்கும் காவலாளியின் பணி நேரம் எல்லாம் வெளியே வரும். சாய்தளம் இருக்கிறது என்றால் எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம் என்று கேட்டோம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது உலகெங்கும் பழகிய கணக்கு. அதைவிடச் செங்குத்தானால் தள்ளுபவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் பயம்.

இப்படிக் கேட்கும்போது ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ சலுகை கேட்பது போல. அப்புறம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். 2006-ல் ஏற்கப்பட்டது. அருங்காட்சியகம், திரையரங்கு, நூலகம், சுற்றுலாச் சேவை எல்லாம் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. அதைப் படித்தபிறகு குரலில் தயக்கம் போய்விட்டது.

நேரக் கணக்கு

சுற்றுலாத் திட்டங்களில் "10 நிமிட நிறுத்தம்" என்று போடுவார்கள். ஒன்பது பேர், இரண்டு கழிவறை, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 25 நிமிடம். வேனிலிருந்து எல்லோரும் இறங்க 12 நிமிடம், ஏற 13 நிமிடம் ஆனதை வீட்டு வாசலிலேயே அளந்து பார்த்தோம். முதல் படி மிக உயரமாக இருந்ததால் 18 சென்டிமீட்டர் உயரத்தில், அகலமான, வழுக்காத ஒரு மணை செய்யச் சொன்னோம். எப்படியும் ஓர் இடத்தில் நின்று கிளம்பினால், எதையும் பார்க்காமலேயே 25 நிமிடம் போய்விடும். ஏழு இடம் என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இறங்குவதும் ஏறுவதும்தான். கடைசியில் முதல் நாளுக்கு இரண்டு இடம், இரண்டாம் நாளுக்கு இரண்டு இடம் என்று முடிவானது.

மருந்து நேரங்கள் அடுத்த கட்டம். கணக்கு வாத்தியாருக்கு மாத்திரை வேலை செய்கிற நேரமும் வேலை செய்யாத நேரமும் இரண்டு வேறு மனிதர்களைப் போல. அவருடைய நல்ல நேரத்தில்தான் அருங்காட்சியகம் வர வேண்டும். 83 வயதுப் பெரியம்மாவின் நீர் மாத்திரை, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் ஆறு மணி நேரம் விடாது. பயண நாட்களில் அவர் தானாகவே மாத்திரையை விட்டுவிடுவாராம், தண்ணீரும் குடிக்க மாட்டாராம். இது எவ்வளவு ஆபத்து என்று விளக்கி, அவருடைய மருத்துவரிடமே கேட்டு, அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மாத்திரை நேரத்தை மாற்றி வாங்கினோம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கழிவறை கட்டாயம் இருக்கிறது என்று பட்டியலைக் கையில் கொடுத்தபிறகுதான் அவர் தண்ணீர் பாட்டிலைத் தொட்டார்.

சாப்பிட்டபிறகு ஒரு மணி நேரம் யாரும் நடக்கக் கூடாது என்றும் வைத்தோம். முதியவர்களில் பலருக்குச் சாப்பிட்ட பின் ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நடக்கையில் விழுந்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்க்கிற ஒன்று வர வேண்டும். அதற்காகத்தான் ஆற்றில் படகுச் சவாரியைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் நாள்

காலையில் அருங்காட்சியகம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. பின்வாசல் வழியாக உள்ளே போனோம். வரிசை இல்லை. கட்டடம் முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஓர் அறை. அதிலும் ஐந்தே பொருட்கள். காவலர் ஒருவர் எங்கள் மடக்கு நாற்காலிகளைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கைப்பிடி வைத்த நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். 50 நிமிடம் அந்த அறையில் இருந்தோம். கைத்தறி ஒன்றின் முன்னால் டீச்சர் மட்டும் 15 நிமிடம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இழை எப்படி விலகி, குறுக்கு நூலைச் சுமக்கும் ஓடம் போகிறது என்று எங்களுக்கு விளக்கினார். காவலரும் நின்று கேட்டார்.

லிஃப்ட் வாசலில் கணக்கு வாத்தியாரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வாசல்படியிலும் குறுகலான இடத்திலும் திரும்பும்போதும் இப்படி ஆவது உண்டு. கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். பிசியோதெரபிப் பெண் அவசரப்படவில்லை. கைத்தடி ஒன்றை அவர் பாதத்துக்கு முன்னால் தரையில் குறுக்கே வைத்து, "சார், இதைத் தாண்டுங்க" என்றார். தாண்டினார். தாண்டியதும் அடுத்தடுத்த அடி தானாக வந்தது. லிஃப்ட் கதவு மூடாமல் இளைஞர் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றார். பின்னால் காத்திருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

படகுத்துறை

மதியம் 2.30-க்குப் படகு. ஒத்திகையின்போது காலை 10.30-க்கு அங்கே போயிருந்தேன். கரையிலிருந்து மிதவைத் துறைக்குப் போகும் இணைப்புப் பாலம் 10 மீட்டர் நீளம். மிதவை கரையைவிட அரை மீட்டர்போலத் தாழ்வாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிப் பார்த்தேன், சுலபம். திட்டத்தில் "சரி" என்று குறித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஆறு கடலுக்குப் பக்கத்தில் ஓடுவது. நீர் ஏறும், இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நான் பார்த்தது நீர் ஏறியிருந்த நேரம். நாங்கள் போனபோது நீர் வடிந்து, மிதவை இரண்டரை மீட்டர் கீழே கிடந்தது. அதே பாலம் நான்குக்கு ஒன்று என்ற சரிவில் தொங்கியது. கைப்பிடிக் கம்பி ஒரே பக்கம், இறங்கும்போது இடது பக்கம். பக்கவாதம் வந்த ஐயாவுக்கு வேலை செய்யும் கை வலது.

படகுக்காரர்கள் நல்ல மனதோடு, "அம்மாவை நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றார்கள். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். ஆயிரம் நோயாளிகளைத் தூக்கியவர் அவர், அந்தச் சரிவில் தூக்குவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "வேண்டாம்பா" என்றார். "அவங்க வேண்டாங்கறாங்க" என்று நானும் சொல்லிவிட்டேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு அவர் மற்றவர்களைப் பார்த்து, நாங்கள் பயந்த அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து ஐயாவும் சொன்னார்.

மற்ற ஏழு பேரும் மற்ற இரண்டு துணையாளர்களும் படகில் போனார்கள். நான் கரையில் இருந்தேன். திட்டத்தில் இந்த 50 நிமிடத்துக்கு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. துறையில் இருந்த ஒரே பெஞ்சு சாலையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. ஐயா அதில் உட்கார்ந்து, படகைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸம்மா, "என்னை ஆத்தைப் பார்த்துத் திருப்பி விடும்மா" என்றார். திருப்பினேன். படகு பாலத்துக்கு அடியில் போய் மறையும்வரை மூன்று பேரும் பேசவில்லை. காத்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் இதற்கு முன் எத்தனையோ பேரை இப்படி உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இரவுப் பேச்சு, இரண்டாம் நாள்

அன்று இரவு ஒன்பது பேரையும் வட்டமாக உட்காரவைத்து அடுத்த நாள் திட்டத்தை அவர்களிடமே கொடுத்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஐயா சொன்ன ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை: கம்பி ஒரு பக்கம் மட்டும் இருந்தால், போகும்போது வலது கையில் வருவது திரும்பும்போது இடது கையில் வரும். ஆகவே அவருக்குப் போகிற வழியும் வருகிற வழியும் இரண்டு தனித்தனி வழிகள். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காலையில் மலைக்குன்றின் பார்வைமேடைக்குப் போகும் பாதையை இளைஞர் போய் இரண்டு திசையிலும் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டாம் நாளின் முக்கியமான பகுதி டிராம். தாழ்தளம், நடைமேடையும் தளமும் ஒரே மட்டம். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு மணி நேரம். திட்டத்திலிருந்து நாங்கள் கழித்துவிட்ட பழைய கோட்டைவாசல் உட்பட நகரத்தின் பாதி ஜன்னல் வழியாக வந்து போனது. கூட்டம் குறைந்த காலைப் பத்து மணியைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒன்பது பேருக்கும் இருக்கை கிடைத்தது, நாற்காலிக்கான இடத்தில் நர்ஸம்மா, ஜன்னலோரம். மறு முனையில் இறங்கவே இல்லை, அதே வண்டியில் திரும்பினோம். எதிர்ப்பக்க ஜன்னலில் வேறு நகரம் தெரிந்தது.

பழைய கடைத்தெருவில் கற்கள் பாவிய பாதை. சக்கர நாற்காலிகள் இரண்டு வகை. பின் சக்கரம் சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ளது ஒன்று, நான்கும் சின்னச் சக்கரமாக உள்ளது மற்றொன்று. மடக்கி வேனில் வைக்கச் சுலபம் என்று பலர் இரண்டாவதை எடுப்பார்கள். கற்பாதையில் அது ஓர் அடி நகராது. நாங்கள் பெரிய சக்கரம் உள்ளதையே எடுத்திருந்தோம். மேடுபள்ளமான இடத்தில் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி பின்னோக்கி இழுத்தோம். இப்படி மடித்து வைக்கிற நாற்காலியை 1933-ல் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் செய்தார்கள். சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போன எவரெஸ்டுக்குத் தன் நாற்காலியைக் காரில் வைக்க வேண்டியிருந்தது. வெளியே போக வேண்டும் என்ற அதே ஆசைதான்.

அந்தத் தெருவின் முனையில் குழுவிலேயே நன்றாக நடக்கக்கூடிய 80 வயதுக்காரர், "நான் வரலை, இந்த மரத்தடியில உட்கார்ந்து போற வர்ற ஜனங்களைப் பார்க்கப்போறேன்" என்றார். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. உற்றுப் பார்த்தேன். அவர் முகத்தில் நேற்றுப் படகுத்துறையில் பார்த்தது எதுவும் இல்லை. அவரால் வர முடியும், வரவில்லை. நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

கணக்கும் மாற்றமும்

இரண்டாம் நாள் முடிவில் ஒவ்வொருவரும் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். அதிகபட்சம் 19 நிமிடம், அதுவும் எங்கேயும் தொடர்ந்து நான்கைத் தாண்டவில்லை. யாரும் விழவில்லை. வங்கி அம்மா வாக்கரோடு கடைத்தெரு முழுவதும் நடந்தார். பெரியம்மாவுக்குக் கால் வீக்கம் சற்று இருந்தது, இரவில் காலை உயர்த்தி வைத்தபின் குறைந்தது.

அடுத்த முறைக்கு நாங்கள் மாற்றியவை: எந்த இடத்தையும் போகப்போகிற அதே மணியில் பார்ப்பது. நீர்நிலை என்றால் அந்தத் தேதியின் ஏற்ற இறக்க நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஓர் இடத்தில் ஒருவரால் முடியாமல் போனால் அந்த நேரத்துக்கு அவருக்கென்று ஒரு காட்சி தயாராக இருக்க வேண்டும், வெறும் பெஞ்சு போதாது. இரவுக் கூட்டத்தைப் பயணத்துக்கு முன்பே வைப்பது. மடக்கு நாற்காலி மூன்றுக்குப் பதில் ஐந்து, எல்லாமே கைப்பிடி உள்ளவை.

ஒரு மாதம் கழித்து நர்ஸம்மா தொலைபேசியில் அழைத்தார். அடுத்த பயணம் எப்போது என்று கேட்டார். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றேன். "நான் பேப்பரைப் பார்த்துச் சொல்றேன்மா, எழுதிக்கோ" என்று, அந்த ஆற்றில் அடுத்த மாதம் காலையில் நீர் ஏறியிருக்கும் நாட்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஆறு தேதிகள். எழுதிக்கொண்டேன். முதல் தேதிக்கே படகில் ஒன்பது இடம் கேட்டிருக்கிறோம்.